கைராசிக்காரி எழுதிய ஒரு வரி

தம்பிக்கு,

உனக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. ஹாஸ்டலில் இருந்தபோதும் போன்தான், வேலைக்குப் போன பிறகும் போன்தான். இப்போது பேனாவும் தாளுமாக நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து உன் அப்பா, "என்ன, உயில் எழுதுறியா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். போனில் பேசினால் நடுநடுவே நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய். உன் "சரிம்மா"வுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கிறாய் என்று அர்த்தம். அதனால்தான் தாள். ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். ஆனால் வரும் திங்கட்கிழமை நீ கீமோ வார்டில் டூட்டி ஏற்பதற்கு முன்னால் முழுக்கப் படித்துவிடு.

போன மாதம் திருக்கடையூரில் எங்களுக்கு அறுபதாம் கல்யாணம் செய்து வைத்தாய். நன்றாகவே செய்தாய், குறை சொல்ல ஒன்றும் இல்லை. சாப்பாட்டுப் பந்தியில் உன் சித்தி கேட்டாள், "ஐசியூவ விட்டுட்டுக் கீமோவுக்குப் போறியாமே, அதுல என்னடா கஷ்டம்?" என்று. நீ வாயில் வடையோடு சொன்னாய்: "ஒண்ணும் இல்ல சித்தி. ஊசி போடறதுதானே, ஐசியூவுல பாக்காததா? அம்மாவோட கைராசி எனக்கு வந்திருச்சு. எப்பேர்ப்பட்ட கையா இருந்தாலும் ஒரே குத்துதான்." எல்லாரும் சிரித்தார்கள். எதிர்ப்பந்தியில் இருந்த யாரோ ஒரு அம்மாள், எப்போதோ என்னிடம் மருந்து ஏற்றிக்கொண்டவளாம், எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கு அதற்குமேல் ஒரு கவளம் இறங்கவில்லை. நீ கவனித்திருக்க மாட்டாய், ஐஸ்கிரீம் வந்துவிட்டது.

கைராசி என்றால் என்னவென்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதே ஊசி, அதே மருந்துதான். ஆனாலும் இன்ன நர்ஸ் போட்டால்தான் உடம்பு கேட்கும் என்று நம் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. குடவாசலிலிருந்தும் திருக்காட்டுப்பள்ளியிலிருந்தும் முதல் பஸ் பிடித்து வருபவர்கள், "வியாழக்கிழமை அந்தம்மா டூட்டியா?" என்று முந்தின நாளே போன் போட்டுக் கேட்டுக்கொள்வார்கள். என்னைவிட நன்றாகப் படித்த சின்னப் பெண் ஒருத்தி ட்ரேயோடு நிற்பாள். "இல்லம்மா, அந்த அம்மாவே வரட்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் உக்காந்திருக்கோம்" என்பார்கள். அவள் முகம் சுண்டிப்போகும். நான் பெரிய மனுஷி மாதிரி, "அப்படியெல்லாம் சொல்லக் கூடாது, எல்லாரும் ஒண்ணுதான்" என்று சொல்லிக்கொண்டே அவள் கையிலிருந்து ட்ரேயை வாங்கிக்கொள்வேன். எனக்கு அது பிடித்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்பவே பிடித்திருந்தது.

அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒன்று வந்துவிடும் பார், அங்கேதான் வினை ஆரம்பிக்கிறது. இரண்டாவது தடவை குத்தினால் கைராசி போச்சு. அதனால் கண்ணுக்குத் தெரிகிற நரம்பு, ஒரே குத்தில் கிடைக்கிற நரம்பு எதுவோ அதைத்தான் கை தேடும். மருந்துக்கு எது நல்ல நரம்பு என்று தேடாது. உனக்கு ஐசியூவில் அது பழக்கமாகியிருக்கும். உயிர் ஊசலாடும்போது எந்த நரம்பு கிடைத்தாலும் சரிதான், அதில் தப்பில்லை. அங்கே சலைன் வெளியே கசிந்தால் கை வீங்கும், ஊசியை எடுத்துவிட்டு வேறு இடம் பார்ப்பாய், பொழுது சாய்வதற்குள் வடிந்துவிடும். கீமோ மருந்துகளில் சிலது கசிந்தால் எரிச்சலோடு போய்விடும். சிலது அப்படி இல்லை. நரம்புக்கு வெளியே கொஞ்சம் இறங்கினாலே போதும், சதையை உள்ளிருந்தே தின்றுகொண்டு போகும். முதல் நாள் வீக்கமும் சிவப்பும்தான். நாள் கழித்துத்தான் தோல் கறுத்துப் புண்ணாகும். அன்றைக்கு நீ டூட்டியில் இருப்பாயோ, லீவில் இருப்பாயோ.

இதைப் பொதுவாகச் சொல்லிவிட்டு நிறுத்தலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி ஒரு தாள் எழுதினேன். படித்துப் பார்த்தால் நர்ஸிங் ஸ்கூல் நோட்ஸ் மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். தனபாக்கியத்தைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல எனக்கு வரவில்லை.

தனபாக்கியம் குடவாசலுக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்துக்காரி. அப்போது அவளுக்கு வயது நாற்பத்தைந்து இருக்கும், என்னைவிட இரண்டு வயது சின்னவள். இருபது பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராக நடவுக்குப் போகிறவள். நாற்றுக்கட்டை இடது கையில் வைத்துக்கொண்டு வலது கையால் அவள் நடுகிற வேகத்துக்கு மற்றவர்கள் ஓடிவர வேண்டும் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். இடது மார்பில் கட்டி வந்து மார்பை எடுத்தாகிவிட்டது, அக்குள் நெறிக்கட்டிகளையும் எடுத்தாகிவிட்டது. ஆகவே இடது கையில் ஊசி கூடாது. வலது கை மட்டும்தான். சிவப்பு மருந்து என்று ஜனங்கள் சொல்வார்களே, அது அவளுக்கு நாலு தடவை. முதல் மூன்று தடவையும் என் கையால்தான் ஏறியது. நாலாவது தடவைக்கு வந்தபோது முழங்கைக்குக் கீழே இருந்த நரம்புகள் கறுத்துக் கெட்டியாகி இருந்தன. தடவிப் பார்த்தேன். உள்ளே ஆழத்தில் மெத்தென்று ஒன்று தட்டுப்பட்டது. அது கிடைக்கும், ஆனால் ஒரே குத்தில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. புறங்கையில் ஒன்று கயிறு மாதிரி எடுப்பாக நின்றது.

"எங்க வேணாலும் குத்துங்க சிஸ்டர். உங்க கை பட்டா எனக்கு வலிக்கவே வலிக்காது" என்றாள். புறங்கையில் சதை கிடையாது. தோலுக்கு அடியிலேயே விரல்களை இழுக்கிற தசைநார்கள் இருக்கின்றன. சதையைத் தின்கிற மருந்தை அங்கே ஏற்றக் கூடாது. புதிதாக வருகிற பெண்களுக்கு இதைப் பாடமாகச் சொல்லித் தருகிறவளே நான்தான். அப்படி இருந்தும் புறங்கையில் போட்டேன். ஒரே குத்து. பக்கத்து நாற்காலிக்காரி, "அடேயப்பா, என்னா கையி!" என்றாள். எனக்குக் குளிர்ந்துவிட்டது.

சிரிஞ்சால் இழுத்துப் பார்த்தேன், ரத்தம் வந்தது. சலைன் ஓடவிட்டேன், தடையில்லாமல் ஓடியது. பிறகுதான் சிவப்பு மருந்துப் பையை மாட்டினேன். குழாயில் அது இறங்குவதைப் பார்த்ததும் தனபாக்கியம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஐயோ, ரத்தமாட்டம் வருதே சிஸ்டர், பாக்க முடியலையே" என்றாள். மூன்று தடவை பார்த்தவளுக்கு அன்றைக்கு என்னவோ ஒப்பவில்லை. பாவமாக இருந்தது, ஒரு துண்டை எடுத்துக் கையை மூடிவிட்டேன். கொஞ்ச நேரத்தில், "லேசா சுருக்குங்குது சிஸ்டர்" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்படித்தாம்மா இருக்கும். கொஞ்சம் பொறுத்துக்குங்க. கையை மட்டும் ஆட்டாம வச்சிருங்க." ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்கிற சொல் அது. நீயும் சொல்லியிருப்பாய். ஆறுதலாகச் சொல்கிறோம் என்றுதான் நினைப்போம். அந்த வார்த்தையால் அவள் வாயைக் கட்டிவிட்டேன், துண்டால் என் கண்ணைக் கட்டிக்கொண்டேன்.

அப்போது போன் வந்தது. அன்றைக்கு உன் பிளஸ் டூ ரிசல்ட். மருந்து ஓடும்போது போனை எடுக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாததில்லை. எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன். பயாலஜியில் குறைந்துவிட்டது என்றாய். பரவாயில்லைடா என்றேன். உடனே, "அப்ப நானும் நர்ஸிங்கே போறேம்மா" என்றாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வேண்டவே வேண்டாம், நான் பட்டது போதும்" என்றேன். நீ ஏன் என்றாய், நான் ஒன்று சொன்னேன், நீ ஒன்று சொன்னாய். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அந்தக் கையைப் பார்க்க வேண்டியவள், கால் மணி நேரத்துக்கு மேல் உன்னோடு மல்லுக்கு நின்றேன்.

இந்த இடத்தை நீ படிக்கும்போது உன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். இதை உன் தலையில் ஏற்றுவதற்காக எழுதவில்லை. பதினேழு வயசுப் பிள்ளை ரிசல்ட் வந்தால் அம்மாவுக்குத்தான் போன் போடும். போனை எடுத்தவள் நான், வார்டை விட்டு வெளியே வந்தவள் நான். உன் போனால்தான் எல்லாம் ஆயிற்று என்று சில நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்ததும் உண்டு. அது நிற்கவில்லை. நீ அதை எடுத்துச் சுமக்காதே, அது என்னுடையது.

திரும்பி வந்தபோது தனபாக்கியம் கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. துண்டுக்குக் கீழே கை வைத்தது வைத்தபடி இருந்தது. "முடிஞ்சுதா சிஸ்டர்?" என்றாள். துண்டை எடுத்தேன். புறங்கை பன் மாதிரி உப்பிச் சிவந்திருந்தது. அதற்குப் பிறகு நான் செய்த எதிலும் குறை இல்லை. மருந்தை நிறுத்தினேன். பதற்றத்தில் ஊசியை உடனே உருவவில்லை. அதே வழியாகச் சின்ன சிரிஞ்சால் எவ்வளவு வருமோ அவ்வளவு மருந்தை உறிஞ்சி எடுத்துவிட்டு அப்புறம்தான் உருவினேன். அழுத்தவில்லை, தேய்க்கவில்லை. வீக்கத்தின் ஓரத்தைப் பேனாவால் கோடு போட்டு வைத்தேன். கையை உயர்த்தி வைத்து ஐஸ் ஒத்தடம் கொடுத்தேன், டாக்டரைக் கூப்பிட்டேன். அந்த மருந்துக்கு ஐஸ், வேறு சில மருந்துக்கு ஐஸ் வைத்தால் கெடுதல், வெந்நீர் ஒத்தடம்தான். எதற்கு எது என்று உன் வார்டுச் சுவரில் எழுதி ஒட்டு. அந்த நேரத்தில் உன் ஞாபகம் உனக்கு உதவாது.

"ஏம்மா கூப்பிடல? இவ்வளவு எரிஞ்சிருக்குமே" என்றேன் அவளிடம். "நீங்கதானே சிஸ்டர் பொறுத்துக்கச் சொன்னீங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. டீச்சர் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்கிற பிள்ளை மாதிரி சொன்னாள்.

டாக்டர் வந்தார். கையைப் பார்த்தார். "எப்படி ஆச்சு?" என்றார். நான் யோசித்துச் சொன்னேன் என்று சொல்ல முடியாது. யோசிப்பதற்கு முன்னாலேயே வாய் சொல்லிவிட்டது: "கையை ஆட்டிட்டாங்க டாக்டர்." அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நான் சொல்லி யார்தான் நம்ப மாட்டார்கள்? கேஸ் ஷீட்டில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினேன். மருந்து ஏறும்போது நோயாளி கையை அசைத்ததால் ஊசி நரம்பிலிருந்து விலகியது என்று அதற்கு அர்த்தம். புறங்கையில் போட்டதை எழுதினேன், எழுதாமல் இருக்க முடியாது. சுருக்கென்று இருப்பதாக அவள் சொன்னதை எழுதவில்லை. துண்டை எழுதவில்லை. போனை எழுதவில்லை. கீழே கையெழுத்தும் போட்டேன். கையெழுத்து எப்போதும்போல அழகாகவே விழுந்தது.

வெளியே இருந்த அவள் புருஷன் உள்ளே வந்தார். டாக்டர் விஷயத்தைச் சொன்னார். அவர் அவளைப் பார்த்து, "ஏண்டி ஆட்டுன? சிஸ்டர் அவ்வளவு தூரம் சொன்னாங்கல்ல?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். "ஆட்டலீங்களே... ஆட்டுனனா சிஸ்டர்?" என்று கேட்டாள். அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்த நிமிஷத்தில்கூட நான் திருத்தியிருக்கலாம். "சில நேரம் நமக்கே தெரியாம ஆடிரும்மா" என்றேன். மருந்து கசிந்தது கவனக்குறைவு. கேஸ் ஷீட்டில் எழுதியது கோழைத்தனம். இதற்கு என்ன பெயர் வைப்பதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பதினைந்து நாளில் புறங்கைத் தோல் கறுத்தது. பிறகு குழியாகப் புண் விழுந்தது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். புண் ஆறியது, ஆனால் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் மடங்கவில்லை. நாற்றை விரலால் பிரித்துத்தான் நட வேண்டும், உனக்குத் தெரியும். அவள் அதற்குப் பிறகு வயலில் இறங்கி நடவில்லை. கட்டி திரும்ப வரவில்லை, அந்தமட்டும் நல்லதாகப் போயிற்று. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை செக்கப்புக்கு வருவாள். வந்தால் என்னைப் பார்க்காமல் போக மாட்டாள். வார்டில் புதிதாக யாராவது பயந்துபோய் உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் போய் முந்தானையை விலக்கிக் கையைக் காட்டுவாள். "சிஸ்டர் சொல்றபடி கேளுங்க. கையை ஆட்டாதீங்க. நான் ஆட்டித்தான் இப்படி ஆயிருச்சு" என்பாள். நான் நாலு அடி தள்ளி நின்று மருந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, வருஷக்கணக்காக இது நடந்தது. ஒரு தடவைகூட நான் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் ரொம்ப ஜாக்கிரதைக்காரி என்று பெயர் வாங்கியது உனக்குத் தெரியும். மருந்து ஓடும் கையை மூட விட மாட்டேன், மேலே கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்திரிதான். பார்க்கப் பயமாக இருந்தால் அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளட்டும், நான் பார்ப்பேன். சதையைத் தின்கிற மருந்து ஓடுகிறவரை பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவேன், நடுநடுவே இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்ப்பேன். போன் லாக்கரில். இரண்டு தடவை குத்தி வரவில்லை என்றால் அடுத்த நர்ஸைக் கூப்பிடுவேன். கெட்டுப்போன நரம்புக்காரர்களுக்குத் மருந்து ஏற்றுவதற்கென்று தோள்பட்டைக்குக் கீழே தோலுக்குள் புதைக்கிற போர்ட் வைக்கச் சொல்லி டாக்டரோடு சண்டை பிடிப்பேன். "பொறுத்துக்குங்க" என்ற வார்த்தையையே விட்டுவிட்டேன். "எரிஞ்சாலும் சுருக்குன்னாலும் உடனே சத்தம் போடுங்க. பொய்யா இருந்தாலும் பரவாயில்ல, நான் நிறுத்திட்டுப் பாக்குறேன். சத்தம் போடறதுதான் உங்க வேலை" என்பேன். இவை எல்லாம் உனக்கும் சொல்வதுதான். இன்னொன்றும் சொல்கிறேன், மருந்துப் பையையும் ஆளையும் இரண்டு பேராகச் சரிபார்க்காமல் மாட்டாதே. வியர்க்கிறது என்று கவுனையும் இரட்டைக் கையுறையையும் கழற்றிவிட்டுத் திரியாதே, அந்த மருந்து உனக்கும் நல்லதில்லை. இவ்வளவும் செய்தேன், வார்டே என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. ஆனால் அந்த ஒரு வரி அப்படியேதான் இருந்தது.

நீ திருக்கடையூரில் சொன்ன பேச்சோடு ஊருக்குத் திரும்பியவள், அந்த வாரமே ஆஸ்பத்திரிக்கு நடந்தது நடந்தபடி எழுதிக் கொடுத்துவிட்டேன். வாங்கியவர் இரண்டு தடவை படித்தார், "ரிட்டயர்டு ஆனப்புறம் எதுக்கு சிஸ்டர் இதெல்லாம்?" என்றார். முத்திரை போட்டு ஒரு நகல் கொடுங்கள் என்றேன். என்ன செய்வார்களோ செய்யட்டும். உன் அப்பாவிடமும் சொன்னேன். "பதினோரு வருஷம் ஆச்சு, அந்தம்மா மறந்துகூடப் போயிருக்கும். நீ போயி ஏன் கிளறணும்?" என்றார். நல்ல மனுஷர், என் மேலுள்ள அக்கறையில் சொல்கிறார். மறுநாள் குடவாசல் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அங்கிருந்து மினி பஸ். வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து ஓடியது. வழி நெடுக சம்பா நடவு, பாதி வயலில் மெஷின் நட்டுக்கொண்டிருந்தது. வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் புருஷன் உட்கார்ந்திருந்தார். மருமகள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தனபாக்கியம் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தவள், "ஐயய்யோ, யாரு வந்திருக்கா பாருங்க! கைராசி சிஸ்டரு!" என்று ஓடிவந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. மருமகளிடம், "இவங்க கையாலதாண்டி நான் பொழச்சேன்" என்றாள். காபி போட்டு அவளே எடுத்து வந்தாள். இடது கையால் டம்ளரை நீட்டினாள். "எடது கையால குடுக்குறேன்னு நெனச்சுக்காதீங்க சிஸ்டர். வலது கையில பிடிக்க வராது" என்றாள். விருந்தாளிக்கு இடது கையால் கொடுப்பதற்கு அவள் பட்ட கூச்சம் இருக்கிறதே, அதைப் பார்த்த பிறகு என்னால் அந்தக் காபியைக் குடிக்க முடியவில்லை.

கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. புறங்கையில் போட்டது தப்பு, துண்டைப் போட்டு மூடியது தப்பு, பொறுத்துக்கச் சொன்னது தப்பு, போன் பேசப் போனது தப்பு. "நீங்க கையை ஆட்டவே இல்ல. நான் பயந்துபோயி உங்க மேல பழியப் போட்டு எழுதிட்டேன்" என்றேன். மன்னிப்பும் கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"அப்ப நான் ஆட்டலையா?" என்றாள்.

"ஆட்டலம்மா. நான் வந்து துண்டை எடுக்கறவரைக்கும் வச்ச கை வச்சபடி இருந்துது."

"ஆட்டலன்னு எனக்குத் தெரியும் சிஸ்டர். ஆனா நீங்க சொன்னப்புறம் எனக்கே தெரியாமப் போச்சு." குரல் உயர்ந்தது. "இந்த வீட்டுல ஒரு சொம்பு கீழ விழுந்தா, ஒரு தட்டு உடைஞ்சா, கையை ஆட்டுனவதானேன்னு இவரு சொல்லுவாரு. நடவுக்கு வர்ற பொண்டுக சொல்லுவாளுக. கஞ்சி குடிக்கத் தெரியாதவளக்கூட அப்படிச் சொல்ல மாட்டாங்க சிஸ்டர். நானும் என்னையே திட்டிக்குவேன். ஒரு அரை மணி நேரம் கையை ஒழுங்கா வச்சிருக்கத் துப்பில்லாத கழுதன்னு. இத்தனை வருஷம்! நீங்க எம்முன்னாடியேதானே நின்னுக்கிட்டிருந்தீங்க?"

நான் அழுதேன். அவள் அழவில்லை. புருஷன் நாற்காலியில் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருமகள் கீரையை விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு இங்கிலீசுல எழுதுனீங்கல்ல? இன்னைக்குத் தமிழ்ல எழுதுங்க" என்றாள் தனபாக்கியம்.

பேரப்பிள்ளையின் நோட்டிலிருந்து மருமகள் ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். மடியில் ஒரு தட்டை வைத்து அதன்மேல் வைத்து எழுதினேன். அன்றைக்கு எழுதியதைப் போல எழுத்து அழகாக வரவில்லை. மருந்து கசிந்தது என் தவறு, தனபாக்கியம் கையை அசைக்கவில்லை, அசைத்ததாக நான் எழுதியது பொய் என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டேன். தனபாக்கியம் தாளை வாங்கி, மடங்காத அந்த இரண்டு விரலுக்கும் நடுவே செருகிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. மருமகளிடம் கொடுத்து, "சத்தமாப் படி" என்றாள்.

அவள் படித்தாள்.

"கேட்டுச்சா?" என்று தனபாக்கியம் புருஷனைக் கேட்டாள். அவர் தலையைத் தூக்காமல், "ம்" என்றார்.

"அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்றாள் என்னிடம். பிறகு மருமகளிடம் திரும்பி, "நல்லா ரோட்டுக்குக் கேக்கற மாதிரி இன்னொரு தடவை படிடி" என்றாள்.

இப்படிக்கு,
அம்மா